டர்போவுக்கு முன்னால் ஒரு குழாய்

நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் ஆர்பி26 என்ஜின் 2,568 சி.சி. கொள்ளளவு கொண்டது. நேர்வரிசையில் ஆறு சிலிண்டர்கள். அவற்றுக்கு இரண்டு டர்போக்கள். 1989 முதல் 2002 வரை மூன்று தலைமுறை ஜிடி-ஆர் கார்களில் இடம்பெற்ற என்ஜின் இது. இதை மாற்றியமைத்து, 1 பார் பூஸ்ட் (வளிமண்டலத்துக்கு மேலான அழுத்தம்) கொடுத்து, நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஓட்டினால் அது வெளியிலிருந்து இழுக்கும் காற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 கன மீட்டர். எட்டடி நீளம், எட்டடி அகலம், எட்டடி உயரமுள்ள ஓர் அறையின் காற்றை ஏறக்குறைய முழுவதுமாக ஒரே நிமிடத்தில் இழுத்து முடித்துவிடும். அவ்வளவு காற்றும் ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் இரண்டு குழாய்களுக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும்.

இந்த என்ஜினை மாற்றியமைப்பவர்கள் பெரிய டர்போவுக்கும் இன்ஜெக்டருக்கும் இன்டர்கூலருக்கும் தாராளமாகச் செலவிடுவார்கள். இன்டேக் குழாயின் முறை கடைசியில்தான் வரும். மிச்சமிருக்கும் இடத்தில் எது நுழைகிறதோ அதை வளைத்துப் பொருத்தி, பாலிஷ் போட்டு, கிளாம்ப் இறுக்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். இது பெரிய தவறு. டர்போவுக்கு முன்னால் இழக்கும் அழுத்தத்தை டர்போ ஈடுகட்டியாக வேண்டும். அதுவும் இழந்ததைப்போல் இரண்டு பங்காக. ஏன் இரண்டு பங்கு என்பதைப் புரிந்துகொண்டால், ஒரு குழாயை எப்படிச் செய்ய வேண்டும், எப்படிப் பொருத்த வேண்டும் என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

காற்று போகும் வழி

டர்போவின் அடிப்படை எளிது. எக்ஸாஸ்ட் வாயுவால் சுழலும் டர்பைன் சக்கரம் ஒரு முனையில்; அதே தண்டின் மறுமுனையில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் காப்புரிமைக்குப் பதிந்த யோசனையிலிருந்து வளர்ந்த கருவி இது.

ஆர்பி26-இல் இரண்டு டர்போக்களும் ஒரே அளவு, ஒரே நேரத்தில் வேலை செய்பவை. முன்புற மூன்று சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் ஒரு டர்போவையும், பின்புற மூன்றின் எக்ஸாஸ்ட் இன்னொன்றையும் சுழற்றுகின்றன. காற்று ஃபில்டர் பெட்டிக்குள் நுழைந்து, இரண்டாகப் பிரிந்து, ஆளுக்கொரு காற்றளவி வழியாக, ஆளுக்கொரு குழாயில் தன் டர்போவை அடைகிறது. அங்கே அழுத்தப்பட்டு வெளிவரும் இரு காற்றோட்டங்களும் ஒரே குழாயில் சேர்கின்றன. பிறகு காரின் முகப்பிலுள்ள இன்டர்கூலரில் சூடு தணிந்து, என்ஜினின் மறுபக்கத்துக்கு வந்து, சிலிண்டருக்கு ஒன்றாக உள்ள ஆறு த்ராட்டில்கள் வழியாக உள்ளே போகிறது.

ஆக, இந்தக் குழாய்த்தொடரில் இரண்டு பகுதிகள் உண்டு. டர்போவுக்கு முந்திய பகுதியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் அங்குள்ள ரப்பர் ஹோஸ் உள்ளே சப்பிப்போகப் பார்க்கும். டர்போவுக்குப் பிந்திய பகுதியில் அழுத்தம் அதிகம். அங்குள்ள ஹோஸ் கழன்று தெறிக்கப் பார்க்கும். முன்னது சத்தமில்லாமல் கெடுக்கும், பின்னது சத்தத்தோடு கெடுக்கும். அதனால்தான் பலரும் பின்னதை மட்டும் கவனிக்கிறார்கள்.

விட்டம், வளைவு, வாய்

நிமிடத்துக்கு 14 கன மீட்டர் என்றால், ஒவ்வொரு டர்போவுக்கும் வினாடிக்கு சுமார் 118 லிட்டர். உள்விட்டம் 50 மி.மீ. உள்ள குழாயில் இந்தக் காற்று வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 216 கி.மீ. வேகத்தில் ஓடும். 60 மி.மீ. குழாயில் வேகம் மணிக்கு 150 கி.மீ.; 70 மி.மீ. குழாயில் 110 கி.மீ.

ஓடும் காற்றில் அதன் வேகத்துக்கு ஏற்ற ஓர் இயக்க அழுத்தம் இருக்கிறது. வேகம் இரு மடங்கானால் அது நான்கு மடங்காகும். 50 மி.மீ. குழாயில் இது 2.1 கிலோபாஸ்கல், 60-இல் ஒரு கிலோபாஸ்கல், 70-இல் அரை கிலோபாஸ்கலைச் சற்றே தாண்டும். ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு விளிம்பிலும், விட்டம் திடீரென மாறும் ஒவ்வொரு இடத்திலும் இந்த இயக்க அழுத்தத்தில் ஒரு பங்கு சுழிப்பாகச் சிதறி வீணாகிறது. விட்டத்தில் பத்து மில்லிமீட்டர் கூட்டினால் இழப்பு பாதியாகக் குறைவதன் காரணம் இதுதான்.

வளைவை எடுத்துக்கொள்வோம். இரண்டு நேர்க்குழாய்களைச் சாய்வாக அறுத்து, முனையோடு முனை ஒட்டி வெல்டிங் செய்த செங்கோண மூலையில் முழு இயக்க அழுத்தமும், அதற்குச் சற்று மேலும்கூடப் பறிபோகும். அதே செங்கோணத்தை, விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆரத்தில் வழவழப்பாக வளைத்தால் கால் பங்குதான் போகும். வளைக்கும்போது குழாயின் உள்ளே உருளைத் தாங்கி கொடுத்து, குறுக்குவெட்டு நசுங்காமல் வளைப்பதை மாண்ட்ரல் வளைவு என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெட்டி ஒட்டிய மூலையும் இந்த வளைவும் ஒரே திசைக்குத்தான் போகின்றன. காற்றுக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

குழாயின் வாயும் அப்படித்தான். கூரான விளிம்போடு அறுத்து விட்ட வாயில் காற்று நுழையும்போது இயக்க அழுத்தத்தில் பாதி போய்விடும். அந்த வாய் ஃபில்டர் பெட்டிக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் இழப்பு இன்னும் கூடும். வாயை மணி வடிவில் வெளிப்புறமாக விரித்துவிட்டால் இழப்பு இருபதில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். இதற்கு ஆகும் உழைப்பு அரை மணி நேர லேத் வேலை.

அப்படியென்றால் எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும் நல்லதா? இல்லை. கம்ப்ரசரின் வாய் எந்த அளவோ, அந்த அளவுக்குக் குழாய் கடைசியில் குறுகித்தான் ஆக வேண்டும். படிப்படியாகக் குறுகினால் காற்று பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். திடீரென விரிவதைத்தான் அது பொறுக்காது. சுவரை விட்டு விலகிச் சுழலத் தொடங்கிவிடும். ஆகவே விரியும் இடங்களில் நீளமான, சரிவு குறைந்த கூம்பு தேவை. பெரிய குழாய் போட்டால் பூஸ்ட் ஏற நேரமாகும் என்ற அச்சமும் இங்கே பொருந்தாது. அழுத்தம் நிரப்ப வேண்டியது டர்போவுக்குப் பிந்திய பகுதியை மட்டும்தான். அங்கும் ஐந்து லிட்டர் கூடுதல் கொள்ளளவை நிரப்ப ஆகும் காலம், மிதமான காற்றோட்டத்திலேயே வினாடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

இழப்பு இரட்டிப்பாவது எப்படி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கம்ப்ரசர் அழுத்தத்தைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. உள்ளே வரும் அழுத்தத்தை இத்தனை மடங்காக்கி வெளியே அனுப்பு என்பதே அதற்கு நாம் தரும் வேலை. இந்த மடங்குக்கு அழுத்த விகிதம் என்று பெயர். டர்போவின் வேகம், அது காற்றைச் சூடாக்கும் அளவு, அதன் பாதுகாப்பு எல்லை என எல்லாவற்றையும் இந்த விகிதம்தான் தீர்மானிக்கிறது.

வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஒரு பார் பூஸ்டுக்கு டர்போவின் வெளிவாயில் 201 தேவை. உறிஞ்சும் பக்கத்தில் இழப்பே இல்லையென்றால் விகிதம் 201-ஐ 101-ஆல் வகுத்தது, ஏறத்தாழ 2. அடைபட்ட ஃபில்டர், சிறிய குழாய், இரண்டு மோசமான வளைவுகள் சேர்ந்து 5 கிலோபாஸ்கலை விழுங்கிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரசரின் வாயில் இப்போது 96 மட்டுமே இருக்கிறது. விகிதம் 2.09 ஆகிவிடுகிறது. இதே 5 கிலோபாஸ்கல் இழப்பு டர்போவுக்குப் பிறகு, இன்டர்கூலர் குழாயில் நேர்ந்திருந்தால்? 206-ஐ 101-ஆல் வகுக்க வேண்டும், 2.04. முன்னால் நேர்ந்த இழப்பு விகிதத்தை 0.1 உயர்த்துகிறது, பின்னால் நேர்ந்தது 0.05 மட்டுமே. பூஸ்ட் ஏற ஏற இந்த வேறுபாடு இன்னும் வளரும். விகிதம் 3 என்றால் இழப்பு மூன்று பங்காகத் தாக்கும்.

இதன் விலை வெப்பம். 30 டிகிரியில் நுழையும் காற்று, விகிதம் 2 என்னும்போது, 70 விழுக்காடு திறனுள்ள கம்ப்ரசரில் சுமார் 125 டிகிரிக்குச் சூடாகி வெளிவரும். விகிதம் 2.1 என்றால் 132 டிகிரி. பூஸ்ட் மீட்டரில் அதே ஒரு பார்தான் காட்டும். ஓட்டுபவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் டர்போ முன்னைவிட வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்.

ஆர்பி26-இல் இது வெறும் கணக்கு விஷயம் அல்ல. முதல் இரண்டு தலைமுறைகளான ஆர்32, ஆர்33 ஜிடி-ஆர்களின் தொழிற்சாலை டர்போக்களில் டர்பைன் சக்கரம் பீங்கான் வகையைச் சேர்ந்தது. எடை குறைவு என்பதால் விரைவில் வேகம் எடுக்கும். ஆனால் பூஸ்டை உயர்த்தி அதன் எல்லைக்கு மேல் சுழற்றினால் சக்கரம் தண்டிலிருந்து பிரிந்து நொறுங்கும். பந்தயத் தேவைக்காக நிசான் வெளியிட்ட என்1 வகை டர்போக்களில் உலோகச் சக்கரம் வைத்ததன் காரணம் இதுவே. பழைய டர்போவை வைத்துக்கொண்டே பூஸ்டைக் கூட்டுபவருக்கு உறிஞ்சும் பக்கத்தின் ஒவ்வொரு கிலோபாஸ்கலும் அந்தச் சக்கரத்தின் ஆயுள்.

இரண்டு டர்போ, ஒரே வெளிவாய்

ஒரே டர்போ என்றால் கதை இத்தோடு முடிந்திருக்கும். இரண்டு டர்போக்களின் வெளிக்குழாய்கள் ஒன்றாகச் சேர்வதால் இன்னொரு சிக்கல் சேர்கிறது. சேருமிடத்தில் அழுத்தம் ஒன்றுதான். இரண்டும் அதே அழுத்தத்தைத் தந்தாக வேண்டும். முன்புற டர்போவின் உறிஞ்சு குழாய் குட்டையாக, நேராக இருக்கிறது. பின்புறத்தினுடையது நீளமாக, இரண்டு கூர்வளைவுகளோடு இருக்கிறது என்றால், பின்புற டர்போ அதிக விகிதத்தில் உழைக்க வேண்டும். அதிக விகிதத்தில் அதன் வழியே போகும் காற்று குறையும். காற்று ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தால் கம்ப்ரசர் இதழ்களின் பிடியிலிருந்து காற்று நழுவிப் பின்னோக்கிப் பாயும். இதை சர்ஜ் என்கிறார்கள்.

பின்புற டர்போ தள்ளாடும் அந்தக் கணத்தில் முன்புற டர்போ அதன் சுமையையும் சேர்த்து ஏற்கும். பிறகு நிலைமை தலைகீழாகும். பாதி த்ராட்டிலில், மேட்டில் ஏறும்போது, இரண்டும் மாறி மாறி முந்திக்கொள்வதால் குழாய்களில் ஒரு படபடப்பு எழும். ஆர்பி26 வைத்திருப்பவர்கள் நன்கு அறிந்த தொல்லை இது. இரு வெளிக்காற்றோட்டங்களும் சேரும் குழாயின் வடிவம் இதற்கு ஒரு காரணம். அதனால்தான் அவை சீராகச் சேரும்படியான மாற்றுக் குழாய்களைப் பலர் பொருத்துகிறார்கள். உறிஞ்சும் பக்கத்தின் ஏற்றத்தாழ்வும் இதைத் தூண்டும். தனிப்பயனாகக் குழாய் செய்பவர் இரண்டின் நீளத்தையும் சமமாக்க முடியாவிட்டாலும், இரண்டின் இழப்பையும் சமமாக்க முடியும். நீளமான குழாய்க்கு மென்மையான வளைவுகள் கொடுங்கள். அவசியமானால் விட்டத்தைச் சற்றே கூட்டுங்கள். சமமாக்க வேண்டியது இழப்பைத்தான்.

காற்றை எடைபோடும் கம்பி

குழாய்க்குள் இன்னொரு முக்கியமான உறுப்பு உண்டு: காற்றளவி. மெல்லிய கம்பி ஒன்றை மின்சாரத்தால் சூடாக்கி வைத்திருப்பார்கள். ஓடும் காற்று அதைக் குளிர்விக்கும். அதன் சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து, போகும் காற்றின் நிறையை என்ஜின் கணினி அறிந்துகொள்கிறது. பெட்ரோலின் அளவு அதைப் பொறுத்தே முடிவாகிறது.

கம்பி அளப்பது தான் நிற்கும் இடத்துக் காற்றை மட்டும்தான். மொத்தம் எவ்வளவு என்பது குழாயின் விட்டம் இன்னது என்ற அனுமானத்தில் செய்யும் கணக்கு. ஆர்32-இன் தொழிற்சாலைக் காற்றளவி 65 மி.மீ.; அதற்குப் பதிலாகப் பலரும் பொருத்துவது நிசான் 300இசட்எக்ஸ் காரின் 80 மி.மீ. அளவி. பரப்பு ஒன்றரை மடங்காகிறது. கணினியில் அளவீட்டு அட்டவணையை மாற்றாமல் குழாயை மட்டும் பெரிதாக்கினால், உண்மையில் போகும் காற்றில் மூன்றில் இரண்டு பங்குதான் போகிறது என்று கணினி நம்பும். பெட்ரோல் அதற்கேற்பக் குறையும். பூஸ்டில் கலவை வறண்டு, நேரந்தவறி வெடித்து, பிஸ்டன் உருகும். எனவே குழாயும் அளவியும் கணினி அட்டவணையும் ஒன்றாகவே மாற வேண்டும்.

அளவி எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். வளைவைத் தாண்டிய காற்று குழாயின் வெளிச்சுவர்ப் பக்கம் விரைவாகவும் உட்பக்கம் மெதுவாகவும் ஓடும். வளைவுக்கு அடுத்தே அளவியை வைத்தால் பொய்க்கணக்குதான் வரும். அதற்கு முன்னால் இயன்றவரை நேர்க்குழாய் விட வேண்டும். பானெட்டுக்குள் இடமில்லாதபோது, காற்றோட்டத்தைச் சீராக்கும் தேன்கூட்டு வலை உதவும்.

காற்றளவியையே நீக்கிவிட்டு, த்ராட்டிலுக்குப் பின்னுள்ள அழுத்தத்தையும் வெப்பத்தையும் கொண்டு காற்றைக் கணக்கிடும் முறையும் உண்டு. குழாய் வடிவமைப்புக்கு அது பெரிய விடுதலை. ஆனால் ஆர்பி26-இல் ஆறு தனித்தனி த்ராட்டில்கள் இருப்பதால், சிறிய திறப்பில் அழுத்தச் சமிக்ஞை பலவீனமாகவும் துள்ளலாகவும் இருக்கும். ட்யூனிங் செய்பவரின் உழைப்பு கூடும்.

பட்டறையில் பார்க்க வேண்டியவை

குழாயை வெளியே செய்து கொண்டுவந்து பொருத்தும் வேலை அல்ல இது. டர்போ, இன்டர்கூலர், ரேடியேட்டர் விசிறி எல்லாம் இடத்தில் இருக்கும்போது, வளைவுத் துண்டுகளைக் காரிலேயே வைத்துப் பார்த்து, புள்ளி வெல்டிங்கில் பிடித்து, பானெட்டை மூடிப் பார்த்து, பிறகுதான் கழற்றி முழு வெல்டிங் செய்ய வேண்டும்.

டர்போ என்ஜினோடு சேர்ந்தது. ஃபில்டர் பெட்டியும் இன்டர்கூலரும் காரின் உடலோடு சேர்ந்தவை. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் என்ஜின் தன் ரப்பர் மவுண்டுகளின் மேல் ஒரு பக்கமாகச் சாயும். இரண்டுக்கும் நடுவே எல்லாவற்றையும் இரும்புப்பிடியாக இணைத்தால் வெல்டிங் விரியும், அல்லது டர்போவின் வாயில் சுமை ஏறும். அதற்காகத்தான் நடுவில் ரப்பர் அல்லது சிலிக்கோன் ஹோஸ். உறிஞ்சும் பக்கத்தில் நீளமான ஹோஸ் வைத்தால், சூட்டில் இளகி, முழு வேகத்தில் உள்ளே சப்பிக் காற்றை அடைக்கும். அங்கே கம்பிச்சுருள் பதித்த ஹோஸ் வேண்டும், அல்லது ஹோஸைக் குட்டையாக்கிக் குழாய் முனைகளை நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும்.

அழுத்தப் பக்கத்தில் குழாய் முனையைச் சுற்றி ஒரு மேட்டு வளையம் உருட்டியிருக்க வேண்டும். 76 மி.மீ. குழாயின் முனையை ஒரு பார் அழுத்தம் 46 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளுகிறது. வழவழப்பான அலுமினியத்தில் கிளாம்பின் பிடி மட்டும் அதைத் தாங்காது. எண்ணெய்ப் பிசுபிசுப்பு ஏறினால் இன்னும் மோசம். கிளாம்ப் அந்த மேட்டுக்கு உட்பக்கம், ஹோஸின் ஓரத்தைத் தாண்டாமல் உட்கார வேண்டும்.

இன்டேக் குழாய்க்குள் எண்ணெயும் வரும். சிலிண்டர்களில் கசியும் வாயு, எண்ணெய் ஆவியோடு, என்ஜின் மூடியிலிருந்து ஒரு சிறு குழாய் வழியாக இன்டேக் குழாய்க்குத் திரும்புகிறது. த்ராட்டில் மூடியதும் விடுபடும் பூஸ்ட் காற்றும் இங்கேதான் திரும்புகிறது. ஏற்கெனவே அளக்கப்பட்ட காற்று அது. அதை வெளியே விட்டால் கணினி, போன காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும். ஆகவே புதிய குழாயில் இந்த வாய்கள் எல்லாம் இருக்க வேண்டும். சாதாரண சிலிக்கோன் ஹோஸ் எண்ணெயில் ஊறி மென்மையாகிவிடும். எண்ணெய் ஆவி படும் இடங்களில் ஃப்ளோரோசிலிக்கோன் உட்பூச்சு உள்ளதே நிலைக்கும்.

வெல்டிங் முடிந்தபின், குழாயின் உட்புறத்தை வெளிச்சத்தில் பார்ப்பதோடு விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் ஒரு சிறு உலோகத் துளி கழன்றால் அது போகும் இடம் கம்ப்ரசர். 60 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 1,20,000 சுற்று சுழலும்போது அதன் விளிம்பு வினாடிக்கு 377 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒலியின் வேகத்தைவிட அதிகம். அந்த வேகத்தில் அலுமினிய இதழை மணல் துகள்கூட அரிக்கும். குழாய் வேலை நடக்கும் நேரமெல்லாம் டர்போவின் வாயை மூடி வைப்பது கட்டாயம்.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலுமினியக் குழாய் சூடேறிவிடுமே என்று பலர் துணி சுற்றுகிறார்கள். முழு வேகத்தில் காற்று அந்தக் குழாயில் தங்குவது வினாடியில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். அதற்குள் பெரிதாகச் சூடேறாது. உண்மையான கேடு, ஃபில்டர் எந்தக் காற்றை எடுக்கிறது என்பதில் இருக்கிறது. திறந்த ஃபில்டரை எக்ஸாஸ்ட் அருகே வைத்தால், வெளியே 30 டிகிரி இருக்கும்போது அது 60 டிகிரிக் காற்றை இழுக்கும். ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் காற்றின் அடர்த்தி மூன்று விழுக்காடு குறையும். ஃபில்டரை ஒரு தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் அடைத்து, முகப்பிலிருந்து காற்று கொடுப்பது எந்தப் பாலிஷ் குழாயையும்விட அதிகப் பலன் தரும்.

அளந்து முடிவு செய்யுங்கள்

பொருத்தி முடித்ததும் முதல் சோதனை கசிவு. ஃபில்டர் முனையை மூடி, குறைந்த அழுத்தத்தில் காற்றை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழ் காட்டிக்கொடுக்கும். என்ஜின் எண்ணெய்ச் சீல்களில் அழுத்தம் ஏறாமலிருக்க, ஆவி திரும்பும் வாய்களை முதலில் அடைத்துவிட வேண்டும். காற்றளவிக்கும் டர்போவுக்கும் இடையே கசிந்தால், அளக்கப்படாத, வடிகட்டப்படாத காற்று உள்ளே வரும், கலவை வறளும். டர்போவுக்குப் பிறகு கசிந்தால், அளந்த காற்று வெளியேறும். கரும்புகை வரும், இழந்த பூஸ்டை ஈடுகட்ட டர்போ கூடுதல் வேகத்தில் சுழலும்.

இரண்டாவது சோதனைக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கம்ப்ரசர் வாய்க்குச் சற்று முன்னால் குழாயில் ஒரு சிறு துளை வாய் வைத்து, அதிலிருந்து கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை நீளமாக இழுத்து, அடியில் 'யு' வடிவில் வளைத்து, சாயமிட்ட நீர் ஊற்றுங்கள். மறுமுனை திறந்திருக்கட்டும். டைனமோமீட்டரில் கார் முழு பூஸ்டில் ஓடும்போது இரு கிளைகளின் நீர்மட்ட வேறுபாட்டைப் பாருங்கள். ஒரு கிலோபாஸ்கல் இழப்பு பத்து சென்டிமீட்டர் நீராகத் தெரியும்; ஐந்து என்றால் அரை மீட்டருக்கும் சற்று மேல். டியூபின் கைகள் அதற்கேற்ற நீளம் இருக்க வேண்டும்; இல்லையென்றால் நீரையே டர்போ குடித்துவிடும். இரண்டு டர்போக்களுக்கும் தனித்தனியே இதைச் செய்தால், எது அதிகம் திணறுகிறது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். பழைய குழாயில் ஒரு முறை, புதியதில் ஒரு முறை அளந்தால் வாதத்துக்கே இடமில்லை.

இழப்பை 5 கிலோபாஸ்கலிலிருந்து 2-க்குக் கொண்டுவந்தால் என்ன கிடைக்கும்? அதே பூஸ்டில், காற்றை அழுத்த டர்போ செய்யும் வேலை நூற்றுக்கு நான்கைந்து அளவில் குறையும். வெளிவரும் காற்று நான்கைந்து டிகிரி குளிரும். ஓட்டுபவர் உணரும் அளவுக்குக் குதிரைத்திறன் எகிறாது. ஆனால் அந்த நான்கைந்து விழுக்காடு, டர்போ தன் எல்லைக்குள் நின்று வேலை செய்யக் கிடைக்கும் இடைவெளி. பூஸ்டைக் கூட்டி அந்த இடைவெளியைத் தின்பது எளிது. குழாயைச் சரியாகச் செய்து அதைச் சம்பாதிப்பதற்கு நிதானம் வேண்டும். புதிய டர்போ வாங்கப் பணம் எடுத்து வைப்பதற்கு முன், இருக்கும் டர்போவின் வாயில் எவ்வளவு அழுத்தம் மிஞ்சியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் முதலில் திருத்த வேண்டிய இடம் அங்கேதான் இருக்கும்.